மனச்சிதைவு டோபமின் நோயன்று

மூளையில் டோபமின் அதிகமாகச் சுரப்பதுதான் மனச்சிதைவு நோய். மாத்திரை அதைக் குறைத்துச் சரிக்கட்டுகிறது. சர்க்கரைக்காரருக்கு இன்சுலின் எப்படியோ இவருக்கு இது அப்படி. மருத்துவர் அவசரத்தில் சொல்லும் விளக்கமாகவும், மருந்துக் கம்பெனியின் துண்டறிக்கையாகவும், செவிலியர் பாடநூலின் ஒற்றை வரியாகவும் இந்தக் கருத்து நிலைபெற்றுவிட்டது. பெரம்பூரிலிருந்து அயனாவரம் வழியாகச் சில கிலோமீட்டர் போனால் வரும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில், புறநோயாளர் சீட்டோடு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் பலவற்றுக்கும் நோயைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தி "மூளையில ஏதோ கெமிக்கல் அதிகமாயிடுச்சாம்" என்பதுதான். விளக்கம் எளிது, கேட்பவருக்கு இதமானது, பெரும்பகுதி தவறு.

இதற்கு முன்பு புழங்கிய விளக்கங்களைப் பார்த்தால் இதன் கவர்ச்சி புரியும். வீட்டில் செய்வினை, காத்துக் கருப்பு என்றார்கள். மருத்துவத்தில் சொன்னது அதைவிட மோசம். 1948-ல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான், தாயின் குணமே பிள்ளையை இந்நோயில் தள்ளுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைப் பாடமாகவே படித்தார்கள். பெற்றதற்காகப் பழி சுமந்த தாய்மாரை விடுவித்தது வேதியியல். அந்த நன்றியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கருத்து ஆறுதல் தருகிறது என்பதால் அது உண்மையாகிவிடாது. இந்த ஆறுதலுக்காக நோயாளி கொடுக்கும் விலையும் சிறிதன்று.

டோபமின் கதை தொடங்கியது ஓர் இந்திய வேரிலிருந்து. சர்ப்பகந்தி வேர் வட இந்தியச் சந்தைகளில் பைத்தியத்துக்கான மருந்து என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் அது இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதை மருத்துவ இதழில் எழுதினார்கள். மேற்குலகம் அதைக் கவனிக்க இருபது ஆண்டுகள் பிடித்தன. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1954-ல் நியூயார்க் மாநிலத்தில் நேத்தன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக அறிவித்தார். இதே காலத்தில், 1952-ல், பாரிஸின் செந்த்-ஆன் மருத்துவமனையில் டிலேவும் டெனிக்கரும் குளோர்புரோமசினைப் பயன்படுத்தினார்கள். வேதியியலில் உறவே இல்லாத இரண்டு மருந்துகள். இரண்டும் கொந்தளிப்பை அடக்கின. இரண்டும் உடலை விறைக்கவைத்து, கையை நடுங்கவைத்து, நடையைத் தளரவைத்தன. பார்க்கின்சன் நோயின் சாயல் அது.

இரண்டையும் இணைத்த சரடைக் கண்டுபிடித்தவர் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன். ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு 1957-ல் டோபமினின் மூலப்பொருளான லெவோடோபாவைச் செலுத்தினார். முயல்கள் எழுந்து நடமாடின. மூளையில் செய்தி கடத்தும் பொருள்களுள் டோபமினும் ஒன்று என்பது அப்படி நிலைநாட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான். 1963-ல் அவரும் மார்கிட் லிண்ட்குவிஸ்டும் குளோர்புரோமசின் டோபமினைக் குறைக்கவில்லை, அது வந்து அமரும் ஏற்பிகளை அடைக்கிறது என்று கணித்தார்கள். 1975, 76-ஆம் ஆண்டுகளில் டொராண்டோவில் ஃபிலிப் சீமனின் குழுவும் பால்டிமோரில் சாலமன் ஸ்னைடரின் குழுவும் இதற்கு எண்களால் உருவம் கொடுத்தன. ஒரு மருந்து டி2 என்னும் டோபமின் ஏற்பியை எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவு குறைந்த மில்லிகிராம் நோயாளிக்குப் போதும். ஹாலோபெரிடால் சில மில்லிகிராமில் வேலை செய்வதற்கும் குளோர்புரோமசினுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டியிருப்பதற்கும் காரணம் அதுதான். கூடவே, டோபமினைப் பெருக்கும் ஆம்ஃபெட்டமைனை அளவுமீறிப் பயன்படுத்தியவர்களுக்கு ஐயமும் குரல்களும் வந்ததை 1958-லேயே லண்டனில் கானெல் பதிவு செய்திருந்தார். இரண்டு சான்றும் ஒன்றையொன்று தாங்க, கருதுகோள் கோட்பாடாகியது.

மனநல மருத்துவத்தில் இவ்வளவு உறுதியான கண்டுபிடிப்புகள் அதிகமில்லை. தவறு அதில் இல்லை, அதிலிருந்து எட்டிய முடிவில் இருக்கிறது. ஏற்பிப் பிடிப்பையும் மருந்தளவையும் இணைத்து வரையும் சீமனின் கோடு மருந்தைப் பற்றியது, நோயைப் பற்றியதன்று. மருந்து எங்கே பிடிக்கிறது என்பதை அது காட்டுகிறது. நோய் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டவில்லை. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் நிரம்பினால் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், போக்குவரத்து திரும்புகிறது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார், எத்தனை மணி நேரத்தில் வடியும் என்று துல்லியமாகக் கோடு போடலாம். அந்தக் கோட்டைக் காட்டி, மோட்டார் பற்றாததால்தான் வெள்ளம் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மனச்சிதைவில் அதைத்தான் சொன்னார்கள்.

டோபமின் உண்மையிலேயே மிகுந்திருந்தால் அது எங்காவது அளவில் தெரிய வேண்டும். சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. மனச்சிதைவை உறுதிசெய்ய டோபமின் பரிசோதனை பெரம்பூர் நெடுஞ்சாலையின் லேபுகளிலும் இல்லை, உலகின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இல்லை. தண்டுவட நீரில் டோபமினின் கழிவுப்பொருளைத் தேடினார்கள். நோயாளிகளிடம் அது சீராகக் கூடியிருக்கவில்லை. இறந்தவர்களின் மூளையில் டி2 ஏற்பிகள் மிகுந்திருந்தன. ஆனால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் மருந்து உண்டவர்கள், ஏற்பிகளைப் பெருக்குவது அந்த மருந்தின் வேலையாகவே இருக்கக்கூடும். உயிருடன் இருப்பவர்களின் மூளையைப் படமெடுத்த அமெரிக்கக் குழு ஒன்று 1986-ல் ஏற்பிகள் பன்மடங்கு இருப்பதாக அறிவித்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனம் மருந்தே தொடாத நோயாளிகளைச் சோதித்து அப்படி எதுவும் இல்லை என்றது. ஆக, கோட்பாடு பாடநூலில் ஏறிய முதல் இருபது ஆண்டுகளில் "டோபமின் அதிகம்" என்பதை யாரும் அளந்து காட்டியிருக்கவில்லை.

பிறகு அளந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1994 முதல் வந்த படமெடுப்பு ஆய்வுகள், நோயாளிகள் பலரின் ஸ்ட்ரையேட்டத்தில், அதாவது மூளையின் உட்பகுதியில் அசைவையும் பழக்கத்தையும் ஊக்கத்தையும் ஒருங்கிணைக்கும் இடத்தில், டோபமின் உற்பத்தி கூடியிருப்பதைக் காட்டின. 1996-ல் மார்க் லரூயெல் குழுவினர் ஆம்ஃபெட்டமைன் ஊசிக்கு நோயாளிகளின் மூளை வழக்கத்தைவிட மிகுதியாக டோபமினை வெளியிடுவதைக் கண்டார்கள். டோபமின் தரப்பின் மிக வலுவான சான்று இது. இதை மறைத்துவிட்டு எழுதப்படும் மறுப்பு எதுவும் நேர்மையானதாகாது.

ஆனால் இந்தச் சான்று சொல்வது என்ன? உற்பத்தி கூடியிருப்பது சராசரியில்தான். தனித்தனி ஆளாகப் பார்த்தால் நோயாளியின் அளவும் நோயற்றவரின் அளவும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. படத்தை மட்டும் வைத்து யார் நோயாளி என்று பிரிக்க முடியாது. பாடநூல்கள் உணர்ச்சிக்கான டோபமின் பாதையைச் சிவப்பில் வரைந்து நோய் இங்கே என்று காட்டுகின்றன. பிற்கால அளவீடுகளிலோ கூடுதல் மிகத் தெளிவாகத் தெரிவது சிந்தனையோடு தொடர்புடைய ஸ்ட்ரையேட்டப் பகுதியில். எல்லாவற்றையும்விடக் கனமான செய்தி 2012-ல் லண்டனிலிருந்து வந்தது. டெம்ஜாஹாவும் சக ஆய்வாளர்களும் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது அவர்களின் டோபமின் உற்பத்தி இயல்பானவர்களுடையதைப் போலவே இருந்தது. குரல் கேட்கிறது, ஐயம் வாட்டுகிறது, நோய் கடுமையாக இருக்கிறது. டோபமின் மட்டும் அதிகமில்லை. மனச்சிதைவு என்றாலே டோபமின் மிகுதிதான் என்ற வரியை இந்த ஒரு முடிவே உடைக்கப் போதும்.

இவர்கள் அரிய விதிவிலக்குகளும் அல்லர். நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வழக்கமான மருந்துகளுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அவர்களுக்குப் பலன் தருவதாக நிறுவப்பட்ட ஒரே மருந்து குளோசபின். 1988-ல் ஜான் கேனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மற்ற மருந்துகள் தோற்றுப்போன 268 பேருக்கு ஆறு வாரங்கள் குளோசபினோ குளோர்புரோமசினோ கொடுக்கப்பட்டது. குளோசபினில் 30 விழுக்காட்டினர் தேறினார்கள், குளோர்புரோமசினில் 4 விழுக்காட்டினர். டோபமின் கோட்பாட்டின் கணக்குப்படி டி2 ஏற்பியை மிக வலுவாக அடைப்பதே மிகச் சிறந்த மருந்தாக இருந்திருக்க வேண்டும். குளோசபினோ டி2-வைத் தளர்வாகப் பற்றும் மருந்து; மற்றவை பலன் தரத் தேவைப்படும் அளவுக்குக்கூட அது அந்த ஏற்பிகளைப் பல நேரம் அடைப்பதில்லை. அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை.

டோபமினை மறுப்போர் அடிக்கடி எடுக்கும் ஒரு வாதத்தை இங்கே கைவிடுவது நல்லது. ஏற்பி சில மணி நேரத்தில் அடைபடுகிறது, குணம் வாரங்கள் கழித்தே தெரிகிறது, ஆகவே தொடர்பில்லை என்பது அது. முன்னேற்றம் முதல் வாரத்திலேயே தொடங்குவதை 2003-க்குப் பின் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்த வாதம் இல்லாமலே வழக்கு நிற்கும்.

நோயின் உடலில் டோபமின் தொடும் பகுதி எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி. இல்லாத குரல் கேட்பது, பக்கத்து வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்று நம்புவது, பேச்சு தடம் மாறுவது ஆகியவை வெளியில் தெரியும் முகம். போலீசும் ஆம்புலன்சும் வருவது இவற்றுக்காக. குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் அரிப்பவை வேறு: குளிக்க மனமில்லாமை, பேச்சு வற்றிப்போதல், யாரிடமும் ஒட்டாமை, படித்தது மனத்தில் நிற்காமை, ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க இயலாமை. டி2-வை அடைக்கும் மருந்துகள் முதல் வகையில் பலருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டாம் வகையில் மிகச் சிறிதே செய்கின்றன, அளவு கூடினால் அதைப் பெருக்கவும் செய்கின்றன. டோபமின் முகாமே இதை உணர்ந்து 1991-ல் கோட்பாட்டைத் திருத்திக்கொண்டது: மூளையின் உட்பகுதியில் டோபமின் அதிகம், நெற்றிக்குப் பின்னுள்ள புறணியில் குறைவு என்று டேவிஸும் சகாக்களும் எழுதினார்கள். அதிகம் என்றாலும் நோய், குறைவு என்றாலும் நோய், இரண்டும் ஒரே மண்டைக்குள். அப்புறமும் "கெமிக்கல் அதிகம்" என்று குடும்பத்திடம் சொல்லிக்கொண்டிருப்பது முப்பதாண்டுப் பழைய பாடத்தை ஒப்பிப்பதாகும்.

இந்த வழக்கில் சென்னையின் சாட்சியம் தனித்தன்மை உடையது. அது கிடைத்த வழி பெருமைக்குரியதன்று. சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் காப்பகத்தின் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபின் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை, நகரத்துக்குள் வீடுவீடாக நோயாளிகளைத் தேடியது. பத்மாவதி, ராஜ்குமார், சீனிவாசன் ஆகியோர் 1998-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நோயுற்றிருந்தும் ஒரு மாத்திரைகூட உண்டதில்லை. மருத்துவமனைகள் நிறைந்த பெருநகரத்துக்கு இது வெட்கக்கேடு. ஆயினும் மேற்கில் அப்போது காணவே கிடைக்காத ஒன்றை அறிவியலுக்குக் கொடுத்ததும் இதுதான்: மருந்தால் மாறாத, நீண்டகால நோயுற்ற மூளை.

ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடியும் ஸ்கார்ஃபின் தாராவும் குழுவினரும் 1996-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வெளியிட்ட ஆய்வு, முதியவர்களின் அசைவுக் கோளாறுகளை எண்ணியது. வாயும் நாக்கும் கைகளும் தம்மையறியாமல் அசையும் கோளாறு, மருந்து உண்ட நோயாளிகளில் 41 விழுக்காட்டினரிடம் இருந்தது. மருந்தே உண்ணாத நோயாளிகளில் 38 விழுக்காட்டினரிடம். நோயற்ற முதியவர்களிடம் அது 15 விழுக்காடு. பார்க்கின்சன் அறிகுறிகள் நோயற்றவர்களில் 6 விழுக்காடு, மருந்து உண்ணாத நோயாளிகளில் 24, மருந்து உண்டவர்களில் 36. மருந்து காணாதவர்கள் 21 பேர் மட்டுமே என்பது ஆய்வின் குறை. ஆனால் அதே கூட்டுக்குழு பின்னர் இத்தகைய நோயாளிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, தன்னியல்பான அசைவுக் கோளாறு உள்ளவர்களின் மூளையடித் திரளில் கட்டமைப்பு வேறுபாடும் தெரிந்தது.

பார்க்கின்சன் நோய் டோபமின் குறைந்தால் வருவது. மருந்து தொடாத மனச்சிதைவு நோயாளி ஒருவரிடம் அதன் அறிகுறி இருக்கிறது என்றால், "இவருக்கு டோபமின் அதிகம்" என்ற வாக்கியத்துக்கு என்ன பொருள் மிஞ்சுகிறது? குரல் கேட்பதை அதிகத்தாலும் நடை தளர்வதைக் குறைவாலும் விளக்க வேண்டிவருகிறது. இதைவிட நியாயமான வாசிப்பு, அசைவையும் எண்ணத்தையும் ஒழுங்குபடுத்தும் மூளைச் சுற்றுகள் முழுவதுமே நோயில் தடுமாறுகின்றன, டோபமின் அந்தச் சுற்றுகளில் ஓடும் செய்திகளில் ஒன்று என்பதுதான். மறுபக்கத்தாருக்கும் இந்த ஆய்வில் ஓர் அடி இருக்கிறது. நோயாளியின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் மாத்திரையே குற்றவாளி என்று முழங்குவோரும் இந்த எண்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

மரபணுக்களிடம் கேட்டாலும் டோபமின் தலைமை தாங்குவதாகத் தெரியவில்லை. 2014-ல் நேச்சர் இதழில் வந்த பன்னாட்டுக் கூட்டாய்வு நோயோடு தொடர்புடைய 108 இடங்களைக் காட்டியது. அவற்றில் ஒன்று டி2 ஏற்பியின் மரபணு. டோபமின் தரப்பு அதை வெற்றியாகக் கொண்டாடியது. நூற்றியெட்டில் ஒன்று என்பதை மறந்து கொண்டாடியது. 2022-ல் அந்த இடங்கள் 287 ஆயின. அவை பெரிதும் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் சந்திகளையும், தூண்டும், தணிக்கும் நரம்பணுக்களையுமே சுட்டின. தென்னிந்தியக் குடும்பங்களில் ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 2019-ல் வெளிவந்த ஆய்வு, எட்டாவது குரோமோசோமில் நியாசின் என்னும் பி வைட்டமினைக் கையாளும் மரபணுப் பகுதியில் போய் நின்றது. அதன் பொருள் இன்னும் தெளிவாகவில்லை. தமிழ்க் குடும்பங்களின் மரபணு முதலில் நீட்டிய விரல் டோபமினை நோக்கி நீளவில்லை என்பது மட்டும் தெளிவு.

வேதிப்பொருள்களின் அரங்கிலும் டோபமின் தனியாக இல்லை. கீட்டமைனும் அதன் உறவான பி.சி.பி.யும் மூளையின் இன்னொரு செய்திப்பொருளான குளூட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைப்பவை. ஆம்ஃபெட்டமைன் ஐயத்தையும் குரலையும் மட்டுமே கொண்டுவர, இவை ஒட்டாமையையும் எண்ணச் சிதறலையும் சேர்த்துக் கொண்டுவருகின்றன. 1994-ல் கிரிஸ்டல் குழுவினர் நோயற்ற தன்னார்வலர்களிடம் இதை முறையாகக் காட்டினார்கள். அதே ஏற்பியை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மூளையழற்சி ஒன்றை 2007-ல் யோசெப் டல்மாவ் விவரித்தார். இளம்பெண்கள் பலர் முதலில் மனநோயாளிகளாகவே மருத்துவமனைக்கு வந்தார்கள். ஆனால் டோபமினை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் குளூட்டமேட்டை ஏற்றுவதும் அதே பிழைதான். குளூட்டமேட்டைக் குறிவைத்த மருந்துகள் பெரிய சோதனைகளில் வரிசையாகத் தோற்றிருக்கின்றன. 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்த சனோமெலின்-டிராஸ்பியம் கூட்டு மருந்து வேறு வழியில் போகிறது: அது டி2-வைத் தொடாமல் மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாகக் குரல்களையும் ஐயங்களையும் தணிக்கிறது. அதுவும் சுற்றிவளைத்து ஸ்ட்ரையேட்டத்தின் டோபமினைக் குறைக்கலாம் என்று டோபமின் தரப்பு சொல்கிறது. இருக்கலாம். டோபமின் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது, ஊற்றில் இல்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்றே.

அந்தத் தரப்பின் இன்றைய வடிவம் இதை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆலிவர் ஹோவ்ஸும் சிதிஜ் கபூரும் 2009-ல் முன்வைத்த மூன்றாம் பதிப்பு, மரபு, கருவுற்ற காலச் சிக்கல், கஞ்சா, இளமையின் இன்னல்கள் எல்லாம் இறுதியில் வந்து சேரும் பொதுப்பாதை டோபமின் என்கிறது. அந்தப் பாதையின் முடிவில் இருப்பதும் மனச்சிதைவு முழுவதுமன்று, குரலும் ஐயமுமாக வெளிப்படும் மதிமயக்கம் மட்டுமே என்றும் அவர்களே குறிக்கிறார்கள். இது கருதத்தக்க நிலைப்பாடு. ஆனால் "நோய்க்குக் காரணம் டோபமின்" என்பதிலிருந்து "நோயின் ஓர் அறிகுறிக் கூட்டம் வெளிப்படும் வாசல் டோபமின்" என்பதற்கு வந்தபின்னும் பழைய பெயர்ப்பலகையை மாட்டி வைத்திருப்பதே குழப்பத்தை வளர்க்கிறது. ஆய்விதழில் கோட்பாடு மூன்றாம் பதிப்புக்கு வந்துவிட்டது. புறநோயாளர் அறையில் முதற்பதிப்பே ஓடுகிறது.

கபூர் 2003-ல் எழுதியது இன்னும் பயனுள்ளது. எது கவனிக்கத்தக்கது என்று முத்திரை குத்துவது டோபமினின் வேலைகளில் ஒன்று. அந்த முத்திரை கண்டபடி விழத் தொடங்கினால், பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பேருந்தின் எண்கூடத் தனக்கென்றே அனுப்பிய சேதியாகத் தோன்றும். டோபமின் முத்திரையின் அழுத்தத்தைக் கூட்டும். சேதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அது எழுதாது. அதை எழுதுவது அந்த மனிதரின் வீடு, தெரு, மொழி, அச்சம். 2015-ல் வெளிவந்த ஒப்பாய்வில் தான்யா லூர்மனும் பத்மாவதியும் சகாக்களும் அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது நோயாளிகளிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகமறியாத வன்முறைக் குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டவை உறவினர் குரல்கள்: வீட்டு வேலையைச் செய், குளி என்று அதட்டும் பெரியவர்களின் குரல்கள். டி2 ஏற்பி மூன்று நகரத்திலும் ஒன்றுதான்.

இதையெல்லாம் கேட்டு மாத்திரையைத் தூக்கி எறிபவர் இன்னும் பெரிய தவறு செய்கிறார். கோட்பாடு பிழை என்பதால் மருந்து பிழையாகாது. 2012-ல் லான்செட்டில் ஸ்டெஃபான் லாய்க்ட் குழுவினர் 65 சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டதில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 27 விழுக்காடு. நிறுத்தி வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64 விழுக்காடு. மருந்துக்குப் பதில் சங்கிலி பூட்டினால் என்ன நேரும் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி 2001 ஆகஸ்ட் 6 அன்று காட்டியது. தீப்பற்றிய கொட்டகையில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இறைக்கும் மோட்டார் வெள்ளத்துக்கு விளக்கமாகாது. அதற்காக யாரும் அதைக் கழற்றி எறிவதில்லை.

சிகிச்சை அறையில் இந்தப் பிழை எப்படி வேலை செய்கிறது என்பதே நடைமுறைக் கேள்வி. டோபமின் அதிகம் என்று நம்பும் மருத்துவருக்கு, குரல் அடங்கவில்லை என்றால் தோன்றும் முதல் விடை அளவைக் கூட்டுவது, அல்லது அதே வகையில் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது. ஆனால் கபூர் குழுவினர் 2000-ல் ஹாலோபெரிடாலை வைத்துக் காட்டியபடி, டி2 ஏற்பிகளில் சுமார் 65 விழுக்காடு அடைபட்டதும் பலன் கிட்டத் தொடங்குகிறது; 78-ஐத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமுமே கூடுகின்றன. அந்த நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் எழுதப்படுகிறது. அது வாயை உலர்த்தி நினைவை மங்கவைக்கிறது. நோயில் ஏற்கெனவே தளர்ந்திருப்பது நினைவாற்றல்தான். இதற்கிடையே, இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் தலா ஆறு வாரமாவது கொடுத்தும் தேறாதவருக்குக் குளோசபின் என்ற நெறி தாளில் தூங்குகிறது. குளோசபினுக்கு வெள்ளணு எண்ணிக்கையை முதல் பதினெட்டு வாரங்கள் வாராவாரம் பார்க்க வேண்டும். 1975-ல் பின்லாந்தில் வெள்ளணு சரிந்து சிலர் இறந்தபின் வந்த எச்சரிக்கை அது, நியாயமானது. அயனாவரத்திலிருந்தோ கொடுங்கையூரிலிருந்தோ வாராவாரம் அரை நாள் கூலியை விட்டு வருவது குடும்பத்துக்குச் சுமை என்பதும் உண்மை. ஆனால் தாமதத்துக்குச் சுமை மட்டும் காரணமில்லை. எல்லாம் ஒரே டோபமின்தான் என்று நினைப்பவருக்கு வேறு வகை மருந்துக்கு மாற அவசரம் எதற்கு?

சட்டம் இந்த விஷயத்தில் பாடநூலைவிடத் தெளிவாக இருக்கிறது. மனநோயால் வரும் ஊனத்தை அளக்க இந்தியாவில் பயன்படும் ஐடியாஸ் அளவுகோல் கேட்பவை நான்கு: தன்னைத் தானே பேணுதல், பிறரோடு பழகுதல், பேசவும் புரிந்துகொள்ளவும் இயலுதல், வேலை, இவற்றோடு நோயின் காலநீளம். குரல் கேட்கிறதா என்று அது கேட்பதில்லை. 40 விழுக்காட்டைத் தொட்டால் சான்றிதழ் கிடைக்கிறது. டோபமின் மருந்துகள் குறைவாக எட்டும் இடமும் இந்த அளவுகோல் அளக்கும் இடமும் ஒன்றே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ தரம் தாழ்த்தவோ கூடாது என்கிறது. ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலையும் ரயில்வேயின் லோகோ, கேரேஜ் பட்டறைகளும் இருக்கும் பெரம்பூரில் இது பல குடும்பங்களுக்குச் சோற்றுப் பிரச்சினை. நோயோடும் வேலை பார்க்க முடியும்: சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு 1981-82-ல் முதன்முறை நோயோடு வந்த 90 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த மெட்ராஸ் நெடுங்கால ஆய்வின் பத்தாண்டுக் கணக்கில், ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். பென்ஷனோ உதவித்தொகையோ பெரிதாக இல்லாத அக்கால ஊரில் வேலைக்குப் போகாமல் இருக்க வழியிருக்கவில்லை என்பதும் அதற்கொரு காரணம். இதை வறுமையின் வரமாக யாரும் மெச்ச வேண்டாம்.

முதல் மதிமயக்கத்துக்கு ஒரே மாதிரித் திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களைச் சென்னையிலும் மான்ட்ரியலிலும் இரண்டாண்டு தொடர்ந்து ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. குரல், ஐயம் போன்றவை தணிந்ததில் இரு நகரங்களும் ஏறத்தாழச் சமம். ஒட்டாமை, ஊக்கமின்மை போன்றவை தணிந்ததில் சென்னை முந்தியிருந்தது. டோபமின் மருந்து செய்வதை இரண்டு இடத்திலும் செய்தது; மீதத்தில்தான் வேறுபாடு. அந்த மீதத்தில் எதையேனும் திட்டமிட்டுச் செய்ய முடியுமா என்பதைக் காப்ஸி ஆய்வு சோதித்தது. கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் வட்டாரம் ஆகிய இடங்களில் 282 பேர். எல்லோருக்கும் மருத்துவமனைச் சிகிச்சை. ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே வந்தார். மாத்திரையை ஒழுங்காக எடுக்கத் துணைநிற்பது, உடல்நலம் பார்ப்பது, வேலையும் உறவும் திரும்ப உதவுவது, உரிமைப் பலன்களுக்கு வழிகாட்டுவது எல்லாம் அவர் பணி. 2014-ல் வெளியான முடிவில் மொத்த முன்னேற்றம் மிதமானது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் அறிகுறியும் இயலாமையும் தெளிவாகக் குறைந்தன.